கரை மாறினால் தூரமும் மாறும்: மட்டக்களப்பு வாவிப் பிரதேசத்தின் அன்றாடப் பயணங்கள்

ஒருவர் ஒரு நாளில் எவ்வளவு தூரம் போகிறார், எதில் போகிறார், எத்தனை மணிக்கு வீடு திரும்புகிறார் என்பதெல்லாம் அவர் விருப்பப்படி மட்டும் நடப்பதில்லை. அவருடைய வயது, ஆணா பெண்ணா என்பது, குடும்பத்தின் வருமானம், பிறந்த சமூகம், குடியிருக்கும் ஊர் ஆகியவை அதில் பெரும்பங்கு வகிக்கின்றன. ஒரே சந்தைக்கும் ஒரே வைத்தியசாலைக்கும் போகிற இருவரில் ஒருவருக்கு அது கால் மணி நேர வேலையாகவும், மற்றவருக்கு ஒரு முழு நாளையே விழுங்கும் வேலையாகவும் இருக்கலாம். இலங்கையின் கிழக்குக் கரையில், மட்டக்களப்பு வாவியைச் சுற்றியுள்ள ஊர்களில் இந்த வேறுபாட்டைத் தெளிவாகக் காணலாம்.

இரு கரைகள்

மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீட்டர் நீளமுடையது. கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் நிலப்பட்டி எழுவான்கரை. வாவிக்கு மேற்கே வயலும் குளமும் மேய்ச்சல் நிலமுமாக விரிந்து கிடப்பது படுவான்கரை. நகரத்தின் பழைய மையமான புளியந்தீவு, பெயருக்கேற்ப, வாவிக்குள்ளேயே இருக்கும் தீவு. போர்த்துக்கீசர் கட்டி, 1638இல் ஒல்லாந்தர் கைப்பற்றிய கோட்டையும், மாவட்டத்தின் முதன்மை மருத்துவ நிலையமான போதனா வைத்தியசாலையும் அங்குதான் உள்ளன.

2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி மாவட்டத்தின் சனத்தொகை 5 இலட்சத்து 25 ஆயிரத்துக்கும் மேல். இவர்களில் பெரும்பாலோர் எழுவான்கரையில் நெருங்கி வாழ்கிறார்கள். பிரதான வீதி, பெரிய கடைத்தெருக்கள், வங்கிகள், பேர்பெற்ற பாடசாலைகள் எல்லாம் அந்தக் கரையிலேயே இருக்கின்றன. வவுணதீவு, பட்டிப்பளை, வெல்லாவெளி ஆகிய பிரதேச செயலகப் பிரிவுகளில் அடங்கும் படுவான்கரை ஊர்கள் ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி அமைந்தவை. மாவட்டத்துக்குச் சோறு போடும் வயல்கள் அங்கே இருக்கின்றன. அந்த நெல்லை விளைவிப்பவர் ஒரு விண்ணப்பப் படிவத்தில் கையொப்பம் வாங்கவும், ஒரு இரத்தப் பரிசோதனை செய்யவும் பல வேளைகளில் வாவியைக் கடந்தாக வேண்டும்.

வாவியைக் கடக்கும் வழிகள் நூறாண்டுக் காலத்தில் படிப்படியாகக் கூடின. புளியந்தீவையும் பெருநிலத்தையும் கோட்டைமுனைப் பாலம் இணைக்கிறது. ஆளுநர் மனிங்கின் துணைவியார் பெயரைத் தாங்கிய கல்லடி இரும்புப் பாலம் 1924இல் திறக்கப்பட்டது. ஒரு வாகனம் போகும்போது எதிர்த்திசை வாகனம் காத்து நிற்க வேண்டிய அந்த ஒடுங்கிய பாலத்தின் அருகில், யப்பானிய உதவியுடன் கட்டப்பட்ட அகலமான பாலம் 2013இல் திறக்கப்பட்டது. படுவான்கரைக்குப் போக வடக்கில் வலையிறவுப் பாலமும் தெற்கில் பட்டிருப்புப் பாலமும் இருந்தன. இரண்டுக்கும் இடைப்பட்ட நீண்ட கரையோரத்து மக்கள் துறைகளையே நம்பியிருந்தார்கள். மண்முனைத் துறையில் 'பாதை' எனப்படும் மிதவைப் படகு ஆட்களையும் சைக்கிள்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றி இறக்கியது. 2014 ஏப்ரலில் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டதும் கொக்கட்டிச்சோலைப் பக்கத்து ஊர்களுக்கு நகரம் கிட்ட வந்தது. ஆனால் குருக்கள்மடம் - அம்பிளாந்துறை, குருமண்வெளி - மண்டூர் போன்ற துறைகளின் தேவை அந்த ஒரு பாலத்தோடு தீர்ந்துவிடவில்லை. மண்டூர் முருகன் கோயில் திருவிழாக் காலத்தில் குருமண்வெளித் துறையில் திரளும் கூட்டமே இதற்குச் சான்று.

பயணத்தைக் கட்டும் மூன்று தடைகள்

சுவீடன் நாட்டுப் புவியியலாளர் டோர்ஸ்டன் ஹேகர்ஸ்ட்ராண்ட் 1970இல் வெளியிட்ட கட்டுரை ஒன்றில், மனிதரின் அன்றாட நடமாட்டத்தை மூன்று வகைத் தடைகள் வரையறுக்கின்றன என்று விளக்கினார். முதலாவது இயலுமை: உடலின் பலமும் கையிலுள்ள வாகனமும் எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பது. இரண்டாவது நேரப் பொருத்தம்: பள்ளி மணி, வைத்தியரின் நேரம், பஸ் புறப்படும் நேரம் போன்ற பிறருடைய நேரங்களோடு ஒருவர் தன் நேரத்தைப் பொருத்தியாக வேண்டிய கட்டாயம். மூன்றாவது அதிகாரம்: எங்கே போகலாம், எப்போது போகக்கூடாது என்று சட்டமும் சமூகமும் ஆயுதம் ஏந்தியவர்களும் போடும் எல்லைகள்.

மட்டக்களப்பில் இம்மூன்றும் பெரும்பாலும் ஒன்றாகவே வேலை செய்கின்றன. சைக்கிள் மிதிக்க முடியாத வயது, ஒரு நாளைக்குச் சில தடவை மட்டும் ஓடும் பஸ், பொழுது சாய்ந்தால் வெளியே போகாதே என்னும் வீட்டுக் கட்டளை ஆகிய மூன்றும் ஒருவரிடம் சேர்ந்தால், பத்துக் கிலோமீட்டர் தூரம் எட்டாத் தூரமாகிவிடும்.

பள்ளிப் பருவம்

ஆரம்ப வகுப்புப் பிள்ளையின் உலகம் நடை தூரத்துக்குள் அடங்கும். எழுவான்கரையின் நெருக்கமான ஊர்களில் அந்தத் தூரத்துக்குள்ளேயே பாடசாலையும் கோயிலும் பள்ளிவாசலும் கடையும் இருக்கும். படுவான்கரையின் உட்கிராமங்களில் நடை நீண்டது. வெயிலும் மண்புழுதியும் கோடையில் வாட்டும். மாரியில் தாம்போதிகளுக்கு மேல் வெள்ளம் பாயும்.

வகுப்பு ஏற ஏறத் தூரமும் ஏறும். சாதாரண தரம் வரை ஊருக்கு அருகில் படித்த பிள்ளை, உயர்தரத்தில் விஞ்ஞானமோ கணிதமோ படிக்க விரும்பினால் அந்தப் பிரிவுகளும் ஆசிரியர்களும் உள்ள பாடசாலையைத் தேடிப் போக வேண்டும். அத்தகைய பாடசாலைகளில் பல எழுவான்கரையில் உள்ளன. 1814இல் தொடங்கிய மெதடிஸ்த மத்திய கல்லூரி, 1873இல் தொடங்கிய புனித மிக்கேல் கல்லூரி, சுவாமி விபுலானந்தரின் பணியோடு பிணைந்த கல்லடி சிவானந்த வித்தியாலயம் ஆகியவை நகரத்தையும் அதன் அயலையும் சேர்ந்தவை. பின்னேர வகுப்புகளும் அங்கேயே கூடுதலாக நடக்கின்றன. இலங்கையில் கல்வி இலவசம். ஆனால் அந்தக் கல்வியை எட்டும் பயணத்துக்குக் காசும் நேரமும் வேண்டும். இலங்கைப் போக்குவரத்துச் சபையின் மாணவர் பருவச் சீட்டும் 'சிசு செரிய' பாடசாலை பஸ் சேவையும் காசுச் சுமையைக் குறைக்கின்றன. பஸ் வராத வீதியில் இருக்கும் பிள்ளைக்கு அந்தச் சலுகை பயன்படாது.

இதன் மறுபக்கமும் உண்டு. படுவான்கரைப் பாடசாலைகளில் கற்பிக்கும் ஆசிரியர்களில் பலர் எழுவான்கரையில் வசிப்பவர்கள். காலையில் மேற்கே போய்ப் பிற்பகலில் கிழக்கே திரும்பும் அவர்களுடைய பயணமும் பாடசாலை நேரத்தைப் பாதிக்கிறது. துறையில் 'பாதை' பிந்தினால் பாடம் பிந்தும். பயணம் கடினமான பாடசாலைகளில் ஆசிரியர்கள் நிலைத்திருப்பதும் கடினம். போக்குவரத்துக் குறை இவ்வாறு கல்விக் குறையாக உருமாறுகிறது.

உழைக்கும் வயது

இளையோருக்கும் நடுவயதினருக்கும் இன்று மோட்டார் சைக்கிளே முதன்மை வாகனம். அதற்கு முன்னோடியான சைக்கிள் இன்னும் மறையவில்லை. மேடு பள்ளமில்லாத தட்டை நிலம் என்பதால் மட்டக்களப்பில் சைக்கிள் எல்லா வயதினருக்கும் ஏற்ற வாகனமாக நிலைத்திருக்கிறது. வயல் வேலைக்கு உழவு இயந்திரமும் லேண்ட்மாஸ்டரும், வாவியில் தோணியும் வள்ளமும், கடைத்தெருவுக்கு ஓட்டோவும் உதவுகின்றன.

தொழில் எதுவோ, பயணத்தின் போக்கும் அதுவே. வாவியில் மீன்பிடிப்பவர் ஊர் உறங்கும் வேளையில் புறப்பட்டு விடிய விடியக் கரையேறுவார். அந்த மீனை வாங்கிப் பெட்டியில் கட்டிக்கொண்டு விற்பவர் மோட்டார் சைக்கிளில் ஊர் ஊராகப் போவார். எழுவான்கரையில் வீடும் படுவான்கரையில் வயலும் உள்ள விவசாயக் குடும்பங்கள் ஏராளம். விதைப்பிலும் அறுவடையிலும் அவர்கள் நாள்தோறும் வாவியைக் கடக்கிறார்கள், அல்லது வயல் வாடியிலேயே தங்கிவிடுகிறார்கள். காத்தான்குடித் துணிக்கடைகளுக்கு இரு கரைகளிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். அங்கிருந்து சிறு வியாபாரிகள் துணி மூட்டையோடு உட்கிராமங்களுக்குப் போகிறார்கள்.

தூரப் பயணமும் இப்பகுதியின் வாழ்வில் கலந்தது. மட்டக்களப்புக்கு 1928இல் வந்த புகையிரதப் பாதை ஊரைக் கொழும்போடு இணைத்தது. 300 கிலோமீட்டருக்கு மேற்பட்ட அந்தத் தூரத்தை இரவுப் பஸ்ஸிலும் 'புலதிசி', 'உதயதேவி' புகையிரதங்களிலும் மக்கள் கடக்கிறார்கள். மத்திய கிழக்கு நாடுகளுக்கு வேலைக்குப் போன பெண்களையும் ஆண்களையும் வழியனுப்பாத ஊர் இங்கே அரிது. அடுத்த ஊருக்குத் தனியே போகத் தயங்கும் பெண்ணொருத்தி, குடும்பத்தைக் காப்பாற்றக் கடல் கடந்து போக நேர்வது இந்தப் பிரதேசத்தின் நெஞ்சைத் தைக்கும் முரண்.

பெண்களின் பயணம்

ஆண் ஒருவரின் பயணம் பெரும்பாலும் வீட்டிலிருந்து வேலைக்கும் வேலையிலிருந்து வீட்டுக்குமான நேர்கோடு. பெண்ணின் பயணம் பல நிறுத்தங்கள் கொண்டது. பிள்ளையைப் பாடசாலையில் விட்டு, சந்தையில் மரக்கறி வாங்கி, தாயைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போய், சமுர்த்தி வங்கியில் காசு கட்டிவிட்டுப் பிள்ளை வீடு திரும்பும் முன் அவள் திரும்பியாக வேண்டும். நகரத்துக்கும் கிராமத்துக்கும் நேராக ஓடும் பஸ் சேவை இந்தச் சிறு சிறு பயணங்களைக் கணக்கில் எடுப்பதில்லை. ஆகவே ஓட்டோவுக்குக் காசு போகிறது, அல்லது கால் நடக்கிறது.

பஸ்ஸுக்குள்ளும் சிக்கல் உண்டு. ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியம் இலங்கை முழுவதும் நடத்தி 2017இல் வெளியிட்ட ஆய்வில், கேட்கப்பட்ட பெண்களில் 90 வீதமானோர் பொதுப் போக்குவரத்தில் பாலியல் தொந்தரவை அனுபவித்திருந்தார்கள். பொலிஸின் உதவியை நாடியவர்கள் 4 வீதம் மட்டுமே. இந்த அச்சம் பெண்ணின் பயண நேரத்தைச் சுருக்குகிறது. மாலை வகுப்பையும், பிந்தி முடியும் வேலையையும், தூரத்து ஊர் நியமனத்தையும் அவள் கைவிட அதுவே காரணமாகிறது.

போருக்குப் பிந்திய ஆண்டுகளில் ஸ்கூட்டர் பல பெண்களுக்கு விடுதலை தந்திருக்கிறது. ஆசிரியைகளும் தாதியரும் அலுவலர்களும் பிள்ளையைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கல்லடிப் பாலத்தைக் கடப்பது இன்று வழமையான காட்சி. ஆனால் ஸ்கூட்டர் வாங்கச் சம்பளம் வேண்டும், அல்லது தவணைக் கடன் கட்டும் வலு வேண்டும். கூலி வேலைக்குப் போகும் பெண்ணுக்கும், போரில் கணவனை இழந்து தனியே குடும்பம் நடத்தும் பெண்ணுக்கும் அது எளிதில் கைகூடுவதில்லை.

மட்டக்களப்புச் சமூக அமைப்பின் ஒரு சிறப்பையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் தாய்வழிக் குடிமுறை நீண்ட காலமாக நிலவுகிறது. மகளுக்கு வீடு சீதனமாகப் போகும். மணமகன் மனைவியின் வீட்டுக்கு வருவார். பெற்றோர் அதே வளவிலோ அயலிலோ குடியிருப்பார்கள். அக்காவும் தங்கையும் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்வதால் பிள்ளை பார்க்கவும், நோயாளியைக் கவனிக்கவும், அவசரத்துக்கு ஆள் அனுப்பவும் நடை தூரத்துக்குள்ளேயே கைகள் கிடைக்கின்றன. போக்குவரத்து குறைந்த ஊரில் இது பெரும் பலம். போரும் ஆழிப்பேரலையும் மக்களைப் பெயர்த்தபோது இந்தப் பலமும் குலைந்தது. 2004 டிசம்பர் 26இல் கடல் புகுந்த நாவலடி, திருச்செந்தூர், டச்பார் போன்ற இடங்களிலிருந்து வேறிடங்களில் குடியமர்த்தப்பட்ட குடும்பங்கள், வீட்டோடு அயலையும் இழந்தன. முன்பு நடந்து போன உறவு வீட்டுக்குப் பின்னர் பஸ் ஏற வேண்டி வந்தது.

முதுமையும் உடற்குறைபாடும்

வயது போகப் போக நடமாட்ட வட்டம் சுருங்குகிறது. அந்த வட்டத்துக்கு வெளியே இருக்கும் தேவைகள் கூடுகின்றன. நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாதந்தோறும் கிளினிக்குக்குப் போக வேண்டும். முதியோர் கொடுப்பனவை வாங்கத் தபாலகத்துக்கும், ஓய்வூதியம் எடுக்க வங்கிக்கும் போக வேண்டும். கிளினிக்கில் காலை வேளையில் இலக்கம் எடுக்க வேண்டும் என்பதால் படுவான்கரை முதியவர் இருட்டோடு புறப்படுகிறார். மருந்து கையில் கிடைக்கும் நேரத்தில் ஊருக்கான பஸ் போயிருக்கும். துணைக்கு வரும் மகளோ பேரனோ அன்றைய கூலியையோ பாடத்தையோ இழக்கிறார். ஒரு முதியவரின் பயணம் உண்மையில் இருவரின் பயணம்.

உயரமான படிகள் கொண்ட பஸ், நிற்பாட்டிய கணமே புறப்படும் அவசரம், இருக்கையோ நிழலோ இல்லாத தரிப்பிடம் ஆகியவை முழங்கால் வலிக்காரரை வீட்டோடு நிறுத்திவிடுகின்றன. முன்னிருக்கைகள் மதகுருமாருக்கும் கர்ப்பிணித் தாய்மாருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ஒதுக்கப்பட்டிருந்தாலும், ஏற முடியாதவருக்கு இருக்கை பயன்படாது. போரில் கால் இழந்தவர்களும் பார்வை இழந்தவர்களும் வாழும் மாவட்டம் இது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் இலங்கையில் 1996இல் நிறைவேறியது. சக்கர நாற்காலியோடு ஏறக்கூடிய பஸ்ஸை வாவியோர வீதிகளில் காண்பது இன்றும் அரிது.

போர் போட்ட எல்லைகள்

ஹேகர்ஸ்ட்ராண்ட் சொன்ன மூன்றாவது தடையை மட்டக்களப்பு மக்கள் உடலால் அறிந்தவர்கள். 2007 வரை நீண்ட காலம் படுவான்கரையின் பெரும்பகுதி விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலும், எழுவான்கரை நகரங்கள் அரச படைகளின் கட்டுப்பாட்டிலும் இருந்தன. செங்கலடிக் கறுத்தப்பாலம், வவுணதீவு, மண்முனை, பட்டிருப்பு போன்ற கடவைகளில் அடையாள அட்டை, பொதி, முகம் மூன்றும் சோதிக்கப்பட்டன. வாவியின் அகலத்தைக் கடக்க எடுக்கும் நேரத்தைத் தோணியோ துடுப்போ தீர்மானிக்கவில்லை. சோதனைச் சாவடியின் வரிசை தீர்மானித்தது. இளைஞர்களும் யுவதிகளும் இரு பக்கமும் அஞ்சிப் பயணத்தையே தவிர்த்தார்கள்.

இனங்களுக்கிடையே மூண்ட வன்முறை இன்னோர் எல்லையைக் கீறியது. மாவட்ட மக்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் முஸ்லிம்கள். ஆரையம்பதியும் காத்தான்குடியும் போல, பிரதான வீதியில் தமிழூரும் முஸ்லிம் ஊரும் மாறி மாறி வருகின்றன. 1990இன் படுகொலைகளுக்குப் பிறகு அடுத்த ஊரைக் கடப்பதே உயிரச்சமாயிற்று. முஸ்லிம் விவசாயிகள் பலர் மேற்குக் கரை வயல்களுக்குப் போக முடியாமல் இருந்தார்கள். தமிழர் பலர் வழக்கமான சந்தைகளைத் தவிர்த்தார்கள். இன்று அந்த வீதியில் எல்லோரும் போய் வருகிறார்கள். ஆனாலும் எங்கே தரித்து நிற்பது, எந்த நேரத்தோடு வீடு திரும்புவது என்பதில் மூத்த தலைமுறையிடம் ஒரு பழைய எச்சரிக்கை தங்கியிருக்கிறது. அதைப் பார்த்து வளரும் பிள்ளைகளுக்கும் அது கடத்தப்படுகிறது.

மாரி, யானை, பெற்றோல்

வடகீழ்ப் பருவக்காற்று மழை கார்த்திகை முதல் தை வரை கொட்டும்போது வாவியும் ஆறுகளும் குளங்களும் ஒன்றாகும். உன்னிச்சை, நவகிரி போன்ற குளங்களின் வான்கதவுகள் திறக்கும் நாட்களில் தாழ்நில வீதிகள் நீருக்குள் போகும். கிரானிலிருந்து புலிபாய்ந்தகல் போகும் வழி வெள்ளத்தில் மூழ்கும்போது மேற்கேயுள்ள ஊர்கள் படகையே நம்புகின்றன. வெள்ளத்தில் தோணி தள்ளத் தெரிந்தவருக்குப் போக வழி உண்டு. பிரசவ வலி கண்ட தாய்க்கும் படுக்கையில் கிடக்கும் முதியவருக்கும் அதுவே உயிராபத்து.

யானையும் நேரத்தை வகுக்கிறது. மேற்குக் காடுகளை அடுத்த ஊர்களில் பொழுது சாய்ந்தால் காட்டு யானைகள் வயலுக்கும் வீதிக்கும் வருகின்றன. ஆகவே மாலை வகுப்பும் இரவு வேலையும் அங்கே எளிதில் நடைமுறைக்கு வருவதில்லை.

2022இன் எரிபொருள் நெருக்கடி, யாருடைய நடமாட்டம் எதில் தங்கியுள்ளது என்பதை ஒரே அடியில் காட்டியது. அந்த ஆண்டு ஜூலையில் அறிமுகமான தேசிய எரிபொருள் அனுமதிமுறையில் மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5 லீற்றர் பெற்றோல் என்று தொடக்கத்தில் அளவிடப்பட்டது. நகரத்துக்குள் வசிப்பவர் சைக்கிளுக்கு மாறிச் சமாளித்தார். ஓட்டோ ஓடியே பிழைப்பவரின் அடுப்பு அணைந்தது. மண்ணெண்ணெய் இல்லாமல் இயந்திரப் படகுகள் கரையில் கிடந்தன. நாள்தோறும் நெடுந்தூரம் மோட்டார் சைக்கிளில் படுவான்கரைக்குப் போன ஆசிரியருக்கு 4 லீற்றர் போதவில்லை.

செய்ய வேண்டியவை

ஐக்கிய நாடுகள் 2015இல் ஏற்ற நிலைபேறான அபிவிருத்தி இலக்குகளில், 2030க்குள் பெண்கள், சிறுவர், முதியோர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோரின் தேவைக்குக் கவனம் கொடுத்து எல்லோருக்கும் பாதுகாப்பான, கட்டுப்படியான போக்குவரத்து கிடைக்கச் செய்வதும் அடங்கும். மட்டக்களப்பில் இதன் பொருள் மேலும் பாலங்கள் கட்டுவதோடு முடிவதில்லை. பாலம் கரைகளை இணைக்கும். அதன் மேல் ஆளைக் கொண்டுபோக நேரத்துக்கு வரும் பஸ் வேண்டும்.

பெருஞ்செலவு வேண்டாத மாற்றங்கள் பல உள்ளன. கிளினிக் நாளையும் மருந்து கொடுக்கும் நேரத்தையும் பார்த்துப் படுவான்கரைப் பஸ்ஸின் திரும்பும் நேரத்தை அமைக்கலாம். பின்னேர வகுப்பு முடியும் நேரத்துக்கு ஒரு சேவையைச் சேர்க்கலாம். தரிப்பிடங்களுக்குக் கூரையும் வெளிச்சமும் இருக்கையும் போடலாம். தோணித் துறைகளில் உயிர்காப்பு அங்கியும் சரிவான இறங்குதளமும் வைக்கலாம். பிரதேச செயலகங்கள் நடத்தும் நடமாடும் சேவைகளை மாதாந்த ஒழுங்காக்கினால், ஒரு கையொப்பத்துக்காக முதியவர் வாவியைக் கடக்க வேண்டியதில்லை. உயர்தர விஞ்ஞானப் பிரிவைப் படுவான்கரையில் பலப்படுத்தினால் பிள்ளைகளின் நெடும்பயணம் குறையும்.

இவற்றைத் திட்டமிடுவோர் முதலில் கேட்க வேண்டியது, வீதியில் எத்தனை வாகனங்கள் ஓடுகின்றன என்பதை அல்ல. யார் போகவில்லை, ஏன் போகவில்லை என்பதை. கிளினிக்கைத் தவறவிட்ட முதியவரும், உயர்தரத்தில் விரும்பிய பாடத்தைக் கைவிட்ட மாணவியும், பிந்திய பஸ்ஸுக்கு அஞ்சி வேலையை மறுத்த பெண்ணும் வாகனக் கணக்கெடுப்பில் வருவதில்லை. அவர்களையும் எண்ணிப் பார்த்து வகுக்கும் திட்டமே வாவியின் இரு கரைகளுக்கும் ஒரே அளவான நீதியைத் தரும்.